இரவல் காணியில் கட்டிய இணைய வீடுகள்

காணி உறுதியின் பெறுமதியை எம்மவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இடம்பெயர்ந்த வேளையில் நகைக்கு முன்னர் உறுதியையே பையில் எடுத்து வைத்த குடும்பங்கள் நாம். ஆயினும் ஊரின் படங்களையும், பெற்றோரின் நினைவுகளையும், பிள்ளைகளின் அரங்கேற்ற நிகழ்வுகளையும் இன்று இணையத்தில் பிறருடைய காணியிலேயே குவித்து வருகின்றோம். அக்காணிக்கு எம்மிடம் உறுதி இல்லை. இதனால் விளையக்கூடிய இழப்பு எத்தகையது என்பதற்கு ஜியோசிற்றீஸின் கதை தக்க சான்றாகும்.

நகரமொன்று மறைந்த கதை

உலகளாவிய வலை சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகேயுள்ள சேர்ன் ஆய்வுகூடத்திலே பிறந்தது. 1989 ஆம் ஆண்டில் ரிம் பேர்னர்ஸ் லீ அதற்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்பிரல் 30 ஆம் நாள், எவரும் கட்டணமின்றி அதனைப் பயன்படுத்தலாம் என சேர்ன் அறிவித்தது. அதன் பின்னரே சாதாரண மக்களும் தமக்கெனப் பக்கங்கள் எழுதத் தலைப்பட்டனர்.

1994 இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்ற நிறுவனமொன்று, ஜியோசிற்றீஸ் என்னும் பெயரில் இவர்களுக்கு இலவசமாக இடம் வழங்கிற்று. நகரம் ஒன்றைப் போலவே அது பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இலக்கியமும் தத்துவமும் எழுதுவோர் ‘ஏதென்ஸ்’ பகுதியிலும், கணினி ஆர்வலர் ‘சிலிக்கன் வலி’ பகுதியிலும் குடியேறினர். வீட்டிலக்கம் போன்று ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் இருந்தது. 1999 இல் ஏறத்தாழ 357 கோடி டொலர் பெறுமதியான பங்குகளுக்கு அதனை யாகூ வாங்கிற்று. பத்தாண்டுகள் கழிந்து, 2009 ஒக்ரோபர் 26 ஆம் நாள் அந்நகரம் மூடப்பட்டது. யப்பானிய மொழிப் பிரிவு மட்டும் 2019 மார்ச் வரை நீடித்தது.

உரியவர்கள் தமது பக்கங்களை எடுத்துச் செல்லச் சில மாத அவகாசம் கிடைத்தது உண்மையே. ஆனால் மறைந்து போனவர்கள் எழுதி வைத்த பக்கங்களை யார் எடுப்பது? ‘ஆர்க்கைவ் ரீம்’ என்னும் தன்னார்வலர் குழுவும், 1996 முதல் இயங்கி வரும் இணைய ஆவணக் காப்பகமும் ஒரு பகுதியைப் படியெடுத்துக் காத்தன. எஞ்சியவை அழிந்தன.

தமிழுக்கு நேர்ந்த இன்னொரு கேடு

1990 களில் எம்மவர் எழுதிய பக்கங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. இவை ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில், தாயைப் பற்றி எழுதிய கட்டுரையும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகவே தோன்றும். பழைய கோப்புகளை யூனிக்கோட் எனப்படும் ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வைத்திருப்போர் காலம் தாழ்த்தாது மாற்றிக்கொள்வது நன்று.

இதற்கு முன்மாதிரியும் எம்மிடம் உண்டு. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைச் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிலிருந்து கலாநிதி கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். பல நாடுகளில் வாழும் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதினர். எழுத்துரு முறை மாறியபோது கோப்புகளும் மாற்றப்பட்டன. எவரும் படியெடுத்து வைக்கலாம் என்ற அனுமதியும் இருந்தது. அதனாலேயே அவை இன்றும் வாசிக்கத்தக்கனவாக உள்ளன.

கற்பது கடினமா?

இல்லை என்றே கூறுவோம். எச்.ரி.எம்.எல். என்பது எழுத்துக்கு அடையாளம் இடும் முறையே. கோண அடைப்புக்குறிக்குள் ‘எச்1’ என்று இட்டால் தலைப்பு, ‘பி’ என்று இட்டால் பந்தி, ‘ஏ’ என்பது இணைப்பு, ‘ஐ.எம்.ஜி.’ என்பது படம். பத்து அடையாளங்கள் தெரிந்தால் முதற் பக்கத்தை எழுதிவிடலாம். நிறம், அளவு, இடைவெளி ஆகியவற்றைச் சி.எஸ்.எஸ். கவனித்துக்கொள்ளும். கணினியில் உள்ள நோட்பாட் போதும். இணைய இணைப்பு இல்லாமலே உலாவியில் திறந்து பார்க்கலாம். பக்கத்தின் தலைப்பகுதியில் ‘யு.ரி.எப்.-8’ என்று குறிப்பிட மறக்கலாகாது. மறந்தால் தமிழ் எழுத்துக்கள் சிதைந்து தோன்றக்கூடும்.

மொசில்லா நிறுவனத்தின் எம்.டி.என். தளமும், 1998 முதல் இயங்கும் டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளமும் பாடங்களை ஆங்கிலத்தில் இலவசமாக வழங்குகின்றன. தமிழில் வாசிக்க விரும்புவோர்க்குக் கணியம் வெளியிட்ட ‘எளிய தமிழில்’ நூல்வரிசை உதவும். பக்கத்தை வைப்பதற்கு, 2013 இல் ஜியோசிற்றீஸின் நினைவாக எழுந்த நியோசிற்றீஸ் கட்டணமின்றி இடம் தருகின்றது.

அதுவும் பிறர் காணிதானே என வாசகர் வினவலாம். உண்மையே. எனவே மூலக் கோப்புகளை வீட்டிலும், வேறு நாட்டில் வாழும் உறவினர் ஒருவரிடமும் வைத்திருத்தல் வேண்டும். கோப்பு கையிலிருந்தால், ஓரிடம் மூடப்பட்டாலும் மற்றோரிடத்தில் ஒரு மாலைப்பொழுதிலே அதனை நிறுவிவிடலாம். தளப் பெயரைச் சொந்தமாகப் பதிவு செய்வோர் ஆண்டுக் கட்டணத்தைத் தவறவிடலாகாது. ஊர்ச் சங்கங்களில் கடவுச்சொல் இருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் வலியுறுத்துகின்றோம். ஊரில் வாழும் உறவினரின் முகவரி, படம், அவர்களுக்கு இடர் தரக்கூடிய செய்தி ஆகியவற்றை அவர்களது சம்மதமின்றி வெளியிடுதல் தகாது.

எதிலிருந்து தொடங்குவது? ஒவ்வொரு வீட்டிலும் அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டு ஒன்று இருக்கும். வம்சாவளியும் ஊரின் பெயரும் அதிலே உள்ளன. பேரப்பிள்ளை அடையாளங்களை இடட்டும். பேரனார் தமிழைச் சொல்லட்டும். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறு படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எதுவும் பாதுகாப்பானதன்று என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்?