ஆம்புலன்ஸ் வருவதற்கு முந்தைய ஐந்து நிமிடம்

டென்மார்க்கில் ஓட்டுநர் உரிமம் வாங்க வண்டியை ஓட்டிக் காட்டினால் மட்டும் போதாது. முதலுதவிப் பயிற்சி முடித்திருக்கவும் வேண்டும். 2006 முதல் அங்கே இதுதான் விதி. மூச்சு நின்று கிடப்பவரின் மார்பில் எங்கே கை வைப்பது, எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று பொம்மையை வைத்துச் செய்து பழகிய பிறகுதான் உரிமம் கைக்கு வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைக் கற்றுத்தர 2005-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

அதன் பலன் கணக்கில் தெரிகிறது. 2001-ல் அந்நாட்டில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று விழுந்தவர்களில் 100-க்கு 21 பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் சி.பி.ஆர். (மார்பை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் முதலுதவி) கொடுத்தார்கள். 2010-ல் அது 45 ஆனது. விழுந்து 30 நாள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தார்கள். 19,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2013-ல் வெளியான முடிவு இது. அந்தப் பத்தாண்டுகளில் ஆம்புலன்ஸ் சேவையும் மருத்துவமனைச் சிகிச்சையும்கூட மேம்பட்டன. எல்லாப் பெருமையும் பயிற்சிக்கே சேரும் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஆனால், முதல் சில நிமிடங்களில் யாரும் மார்பைத் தொடவில்லை என்றால் பின்னால் வரும் எந்தச் சிகிச்சைக்கும் பெரிதாக வேலை இருக்காது. நம் ஊரில் இரு சக்கர வண்டிக்கு எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறோம். அதோடு இந்தப் பயிற்சியையும் சேர்த்தால் சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பயிற்சி பெற்ற கைகள் லட்சக்கணக்கில் இருக்கும்.

மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது; பாதிக்கப்பட்டவருக்கு நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், ஆனால் பேசுவார். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமே தவிர, மார்பை அழுத்தக் கூடாது. இதயம் நின்றால் ஆள் பேச்சு மூச்சில்லாமல் விழுவார். மாரடைப்பு முற்றி இதில் முடிவதும் உண்டு. மூளைக்கு ரத்தம் போகாமல் நான்கு முதல் ஆறு நிமிடம் கடந்தால் மூளைச் செல்கள் அழியத் தொடங்குகின்றன. எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைக் கொண்டுபோகிறது.

இங்கே ஒரு குழப்பம் பல உயிர்களை வாங்குகிறது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு விட்டு விட்டு இழுப்பு வரும். தாடை அசையும், தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி சத்தம் வரும், பிறகு நெடுநேரம் ஒன்றும் இருக்காது. சுற்றி நிற்பவர்கள், "மூச்சு இருக்கு, காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க" என்பார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடுவார், ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். அந்த இழுப்பு சுவாசமே அல்ல. ரத்தம் கிடைக்காத மூளையின் அடித்தண்டு செய்கிற கடைசி முயற்சி. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாடி பார்த்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். பதற்றத்தில் பழகாத விரல்களுக்கு நாடி சரியாகத் தெரியாது.

வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே ரத்தம் ஓடும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. 1958-ல் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கூவன்ஹோவன் என்ற மின்பொறியாளரின் ஆய்வுக்கூடத்தில் நாய்களை வைத்து மின் அதிர்ச்சிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. நின்ற இதயத்தை மின் அதிர்ச்சியால் ஓட வைக்க முடியுமா என்பது கேள்வி. கனமான மின் தகடுகளை நாயின் மார்பில் அழுத்தி வைக்கும் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுவதை கை நிக்கர்பாக்கர் என்ற இளம் ஆய்வாளர் கவனித்தார். மின்சாரம் பாயவே இல்லை, அழுத்தியதற்கே ஏறியது. அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் அதை மனிதர்களிடம் செய்து பார்த்தார். 1960-ல் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தார்கள். அதுவரை நின்ற இதயத்தை ஓட வைக்க நெஞ்சைக் கிழித்து இதயத்தைக் கையில் பிடித்துப் பிசைய வேண்டியிருந்தது. இனி எவரும் எங்கும் இதைச் செய்யலாம், இரண்டு கைகள் போதும் என்று அவர்கள் எழுதினார்கள்.

பெரியவர்களுக்கு எப்படிச் செய்வது? கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். போனில் 108-ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள் (இலங்கையில் 1990). பக்கவாட்டில் முழங்காலிட்டு, ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை மார்பின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் பதியுங்கள். அதன்மேல் மற்றக் கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோள் உங்கள் கைகளுக்கு நேர் மேலே வர வேண்டும், முழங்கை மடங்கக் கூடாது. கையின் பலம் இதற்குப் போதாது, உடம்பின் எடை இறங்க வேண்டும். 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுதாக மேலே எழும்ப விடுங்கள். அந்த இடைவெளியில்தான் இதயம் மீண்டும் ரத்தத்தால் நிரம்புகிறது.

பயிற்சி பொம்மையில் சரியான ஆழம் வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் கேட்கும். முதல்முறை அழுத்துகிற பலருக்கு அந்தச் சத்தம் வருவதே இல்லை. இத்தனை அழுத்த வேண்டுமா என்று கை தயங்குகிறது. ஒரு நிமிடத்தில் மூச்சு வாங்கும், இரண்டாவது நிமிடத்தில் வியர்வை சொட்டும், ஆழம் தானாகக் குறையும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கிறார்கள். மாறும்போதும் இடைவெளி பத்து வினாடியைத் தாண்டக் கூடாது. அடிகுழாயில் முதல் சில அடிகளுக்குத் தண்ணீர் வராது. அடித்துக்கொண்டே இருந்தால்தான் குழாயில் ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். இதயத்துக்கே ரத்தம் தருகிற குழாய்களில் அழுத்தம் இப்படித்தான் படிப்படியாக ஏறுகிறது, கையை எடுத்ததும் விழுகிறது. நன்றாக அழுத்தினாலும் வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால்பங்கு அல்லது சற்று மேல்தான் கிடைக்கும். அந்தக் கால்பங்கு போதும், மூளை தாக்குப்பிடிக்க.

பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு ஊதுவார்கள். விழுந்தவர் பெரியவர் என்றால், உங்களுக்கு ஊதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. திடீரென்று விழுந்தவரின் ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு ஆக்ஸிஜன் இருக்கும். அதை ஓட வைத்தால் போதும். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-ல் பொதுமக்களுக்கென வெளியிட்ட வழிகாட்டுதல், மார்பை மட்டும் அழுத்தச் சொல்கிறது.

மின் அதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி பக்கத்தில் இருந்தால் உடனே கொண்டுவரச் சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று கருவியே குரல் கொடுக்கும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க்கின் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. மைதானத்திலேயே சி.பி.ஆர். கொடுத்தார்கள், ஒரே ஒரு ஷாக்கில் இதயம் திரும்பியது. அடுத்த ஆண்டே அவர் மறுபடியும் பந்து விளையாடினார்.

குழந்தைகள் விஷயத்தில் கதை மாறுகிறது. பெரியவர்களுக்கு முதலில் நிற்பது பெரும்பாலும் இதயம். குழந்தைகளுக்கு முதலில் நிற்பது பெரும்பாலும் மூச்சு. தண்ணீரில் மூழ்குவது, தொண்டையில் எதுவோ அடைப்பது, கடுமையான நுரையீரல் நோய் எல்லாம் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட்டுத்தான் இதயத்தை நிறுத்துகின்றன. ஆகவே ஊதாமல் அழுத்துவது மட்டும் போதாது. 2010-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு, மூச்சு நின்று இதயம் நின்ற குழந்தைகளுக்கு அழுத்தமும் ஊதலும் சேர்ந்தபோதுதான் பலன் அதிகம் என்று காட்டியது.

ஒரு வயது முதல் பருவ வயது வரை மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அழுத்த வேண்டும். சின்ன உடம்புக்கு ஒரு கையே போதும். ஒரு வயதுக்குள் இருக்கும் கைக்குழந்தைக்கு 4 சென்டிமீட்டர். உணர்வு இருக்கிறதா என்று பார்க்க உள்ளங்காலைத் தட்டுங்கள், பிடித்துக் குலுக்காதீர்கள். இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே நடுவில் இரண்டு கட்டைவிரல்களால் அழுத்துங்கள். கை சுற்றி வராவிட்டால் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி போதும். இரண்டு விரல் நுனியால் அழுத்தும் பழைய முறையில் ஆழம் கிடைப்பதில்லை என்பதால், 2025-ன் அமெரிக்க வழிகாட்டுதல் அதைக் கைவிட்டுவிட்டது. ஊதும்போது குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடுங்கள். தலையை ரொம்பவும் பின்னால் சாய்க்காதீர்கள், அந்த மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கிவிடும். மார்பு லேசாக எழும்பினால் போதும். தனியாக இருந்தால் 30-க்கு 2 என்பதே கணக்கு. கையில் போன் இல்லையென்றால் இரண்டு நிமிடம் செய்துவிட்டு உதவிக்கு ஓடுங்கள்.

குளத்தில், கிணற்றில் மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கிராமங்களில் இன்னும் நடக்கிறது. நுரையீரலில் இருக்கும் கொஞ்சத் தண்ணீர் மூச்சு ஊதுவதைத் தடுக்காது. வயிற்றை அமுக்கினால் வாந்தி வந்து அது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஊதத் தெரிந்தவர் முதலில் இரண்டு மூச்சு ஊதிவிட்டு அழுத்தத் தொடங்க வேண்டும்.

வேர்க்கடலை சிக்கிச் சத்தமே வராமல் திணறும் கைக்குழந்தைக்கு உச்சந்தலையில் தட்டிப் பயனில்லை. முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு தட்டுங்கள். வெளியே வராவிட்டால் திருப்பி மார்பில் ஐந்து அழுத்தம், மறுபடியும் முதுகில். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தோண்டினால் அது இன்னும் உள்ளே போகும்.

விலா எலும்பு முறிந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சில சமயம் முறியத்தான் செய்யும். முறிந்த எலும்பு கூடிவிடும். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமோ என்ற பயமும் உண்டு. சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுபவர்களுக்கு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. விழுந்தது பெண் என்றால் இன்னொரு தயக்கம் வந்துவிடுகிறது. பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதத்தினருக்கும் பெண்களில் 39 சதவீதத்தினருக்கும்தான் வழியில் நின்றவர்கள் சி.பி.ஆர். கொடுத்தார்கள் என்று வட அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. நம் ஊரில் இந்தத் தயக்கம் குறைவாக இருக்க வழியில்லை. புடவையோ சுடிதாரோ, துணியின் மேலேயே கை வைத்து அழுத்தலாம். ஒரு பெண்ணைத் தொடலாமா என்று யோசிக்கும் நேரத்தில் அவர் இறந்துகொண்டிருக்கிறார்.

இதயம் நின்று விழுபவர்களில் பெரும்பாலோர் விழுவது வீட்டில். பக்கத்தில் இருக்கப் போவது மனைவி, மகன், பேத்தி, வேலைக்கு வரும் அக்கா. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. இந்தக் கட்டுரையைப் படித்தது அந்தப் பயிற்சிக்கு ஈடாகாது. பொம்மையின் மார்பில் கை வைத்து அந்தக் கிளிக் சத்தத்தை வரவைத்தால்தான் ஆழம் கைக்குப் புரியும். உங்கள் தெருவில், அலுவலகத்தில், பிள்ளைகளின் பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.