நாளுக்கு ஒரு சூரியன்: கொடைக்கானல் படங்களும் தில்லியின் பாராமுகமும்

புது தில்லி: நாட்டின் தலைநகர் கொல்கத்தாவாக இருந்த 1904-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் அரசுப் பணி, தலைநகர் தில்லிக்கு மாறிய பிறகும், ஆட்சி வெள்ளையரிடமிருந்து கைமாறிய பிறகும், மத்தியில் எத்தனையோ அரசுகள் வந்து போன பிறகும் நிற்கவில்லை. பழனி மலையின் மீது 2,343 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், வானம் தெளிவாக உள்ள ஒவ்வொரு நாளும் சூரியனைப் படமெடுக்கும் பணிதான் அது. அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இந்தப் படங்கள், உலகில் ஒரே இடத்தில் இவ்வளவு நீண்ட காலம் சேர்க்கப்பட்ட சூரியப் பதிவுகளுள் முன்வரிசையில் நிற்கின்றன.

இணையத்தில் நாளுக்கொரு விண்வெளிப் படத்தைப் பார்ப்பது இன்று கோடிக்கணக்கானோரின் வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் நாசாவைச் சேர்ந்த ராபர்ட் நெமிரோஃப், ஜெர்ரி போனெல் என்ற இரு விஞ்ஞானிகள் 1995 ஜூன் 16-இல் தொடங்கிய 'அன்றைய வானியல் படம்' என்ற சேவையை முதல் நாளில் பார்த்தவர்கள் வெறும் 14 பேர். ஒரு படம், அதன் கீழ் நிபுணர் ஒருவர் எளிய நடையில் எழுதிய சில வரிகள். அவ்வளவுதான் அதன் சூத்திரம். பின்னர் அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகைச் சுற்றியது. ஆனால் 'நாளுக்கொரு படம்' என்ற ஒழுக்கத்தைப் பொருத்தவரை, கொடைக்கானல் அதற்கு 91 ஆண்டுகள் மூத்தது. படத்தின் கீழே மக்களுக்கான அந்தச் சில வரிகளை எழுதத்தான் இங்கே ஆளில்லை.

பஞ்சம் தந்த ஆய்வகம்

கொடைக்கானலில் ஆய்வகம் அமைந்ததற்கு விண்வெளி மீதான ஆர்வம் மட்டும் காரணமன்று, பசியும் காரணம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். பருவமழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி ஆட்சியாளர்களைத் துளைத்தது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. மழையும் அதற்கேற்பக் கூடிக் குறையுமோ என்ற ஐயம் அன்றைய அறிவியலாளர்களிடையே வலுவாக இருந்தது. சூரியனைத் தொடர்ந்து கண்காணித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கையில் பிறந்ததுதான் இந்த ஆய்வகம். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1895-இல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 முதல் சூரிய ஆய்வு சென்னையிலிருந்து மலைக்கு இடம்பெயர்ந்தது.

எதிர்பார்த்தபடி கரும்புள்ளிக்கும் மழைக்கும் நேரடியான, நம்பத்தக்க தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை. அரசுத் திட்டங்களை 'உடனடிப் பயன் என்ன?' என்ற ஒரே அளவுகோலால் அளக்கும் நிதி அமைச்சக அதிகாரிகள் அன்று இருந்திருந்தால், பத்தே ஆண்டுகளில் ஆய்வகத்துக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். நல்ல வேளையாக அப்படி நடக்கவில்லை. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் விளிம்பில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கொடைக்கானலில் கண்டறிந்தார். உலகின் எந்த நாட்டுச் சூரிய இயற்பியல் பாடநூலைத் திறந்தாலும் 'எவர்ஷெட் விளைவு' என்ற பெயரில் அது இருக்கும்.

1904-இல் சாதாரண ஒளியில் தொடங்கிய படப்பதிவு, சில ஆண்டுகளில் கால்சியம் உமிழும் ஊதா ஒளிக்கும், 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளிக்கும் விரிந்தது. ஒரே சூரியனை மூன்று வண்ணங்களில் எடுப்பது எதற்காக என்று கேட்கலாம். சாதாரண ஒளியில் தெரிவது மேற்பரப்பும் அதன் கரும்புள்ளிகளும். மற்ற இரு ஒளிகளும் அதற்கு மேலுள்ள அடுக்குகளைக் காட்டுகின்றன. காந்தப்புலம் எங்கே திரண்டிருக்கிறது, நெருப்புக் கொழுந்துகள் எங்கே எழுகின்றன என்பதை அவற்றில்தான் பார்க்க முடியும்.

தொடக்கத்தில் கண்ணாடித் தகடுகள், பிறகு படச்சுருள், இப்போது மின்னணுக் கேமரா எனக் கருவி மாறியது. காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துக் குவிமாடத்தைத் திறக்கும் வேலை மட்டும் மாறவில்லை. பாட்டன், மகன், பேரன் என ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் இந்தப் பணியில் இருந்துள்ளனர். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகம் 1915-இல் தொடங்கிய இதே போன்ற கால்சியம் படப்பதிவை 1985-இல் நிறுத்திவிட்டது. கொடைக்கானல் நிறுத்தவில்லை.

அந்தத் தகடுகள் இப்போது எண்ணிம வடிவுக்கு மாற்றப்பட்டு, ஆய்வகத்தை நிர்வகிக்கும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வழியாக எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் வகையில் வைக்கப்பட்டுள்ளன. சூரியனின் நடுக்கோட்டுப் பகுதி வேகமாகவும் துருவப் பகுதிகள் மெதுவாகவும் சுழல்கின்றன. அந்த வேக வேறுபாட்டை 1923 முதல் 2011 வரையிலான கொடைக்கானல் படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் அளந்துள்ளனர். எந்த ஒரு நாள் படமும் தனியாக இதைச் சொல்லியிருக்காது. எவரோ ஒரு பணியாளர் 1931-இல் ஒரு குளிர்காலக் காலையில் சோம்பல்படாமல் எடுத்த படமும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

எல்லையில் ஒரு வானம்

கொடைக்கானலுக்கு மேற்கே மலையின் மறுசரிவு கேரளத்தின் இடுக்கி மாவட்டம்; வட்டவடை, காந்தளூர், மறையூர் என்று தமிழ் பேசும் ஊர்கள். அங்கிருந்து வடமேற்கே ஆனைமலையைத் தாண்டினால், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், சிற்றூர் வட்டத்தில் எருத்தேன்பதி. பக்கத்திலேயே வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை. நிர்வாகம் திருவனந்தபுரத்தில், சந்தை பொள்ளாச்சியில், பேச்சு தமிழில் என்று வாழும் பகுதி இது. கேரளத்தின் மற்ற பகுதிகளில் மழை கொட்டும்போதும் இங்கே நிலம் வறண்டு கிடப்பது வழக்கம். மழைக்காக ஏங்கும் இந்த விவசாயிகளின் முப்பாட்டன் காலத்துக் கேள்விக்கு விடை தேடித்தான் கொடைக்கானலில் தொலைநோக்கி வைக்கப்பட்டது என்பதை இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா என்பது ஐயமே.

அவர்களுக்குச் சொல்ல இன்னொரு கதையும் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம், கோவை மாவட்டம் கிணத்துக்கடவை ஒட்டிய கோதவாடி என்ற சிற்றூரில் 1958-இல் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்தான், 2008 அக்டோபர் 22-இல் ஏவப்பட்ட முதல் சந்திரயானின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை.

2019 டிசம்பர் 26 காலை, வளைவடிவச் சூரிய கிரகணத்தின் நிழற்பாதை காசர்கோட்டில் நுழைந்து, பாலக்காடு, கோவை, திண்டுக்கல் வழியாகக் கடந்தது. காலை 9.30 மணியை ஒட்டி ஒளி வளையம் தோன்றியது. அன்று தில்லியில் மேகமூட்டம். கண்ணாடியுடன் காத்திருந்த பிரதமர் நரேந்திர மோடி, சூரியனைக் காண முடியாமல், கோழிக்கோட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த நேரலைப் படங்களைப் பார்த்ததாகச் சமூக ஊடகத்தில் பதிவிட்டார். அவர் அணிந்திருந்த கண்ணாடியைப் பற்றித்தான் நாடு முழுவதும் பேச்சாக இருந்தது என்பது வேறு விஷயம். தலைநகரம் தென்கோடியின் வானத்தைப் படமாகப் பார்த்தது என்பதே கவனிக்கத்தக்கது. 1980 பிப்ரவரி 16 கிரகணத்தின்போது பகுதி மறைப்பு மட்டுமே தெரிந்த தில்லியில்கூடத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. 39 ஆண்டுகளில் அச்சம் ஆர்வமாக மாறியிருக்கிறது என்றால், அது தானாக நிகழ்ந்ததன்று. கேரளத்தில் 1962-இல் தோன்றிய சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், தமிழகத்தில் 1980-இல் தோன்றிய அறிவியல் இயக்கமும் ஊர் ஊராகச் சென்று, கண்ணாடியைக் கையில் கொடுத்து வானத்தைப் பார்க்க வைத்ததன் பலன் அது.

அவையில் ஒலித்ததும் ஒலிக்காததும்

2023 ஆகஸ்ட் 23 மாலை, சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை இஸ்ரோவின் யூடியூப் நேரலையில் ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அடுத்த மாதமே நாடாளுமன்றம் சிறப்புக் கூட்டத்தில் இதை விவாதித்தது. மாநிலங்களவையில் செப்டம்பர் 20, மக்களவையில் செப்டம்பர் 21. புதிய கட்டடத்தில் நடந்த முதல் விவாதங்களுள் ஒன்று. நேருவுக்கும் விக்ரம் சாராபாய்க்கும் உரிய பெருமை எவ்வளவு, இன்றைய ஆட்சிக்கு உரியது எவ்வளவு என்று இரு தரப்பும் பங்கு பிரித்துக் கொண்டதில் நேரம் பெருமளவு கழிந்தது. தரையிறங்கிய இடத்துக்குச் 'சிவசக்தி' என்று பெயரிட்டது சரியா, தவறா என்பதும் பேசப்பட்ட காலம் அது.

ஆனால் அதே ஆண்டில், மக்களிடம் அறிவியலைக் கொண்டு செல்வதற்கென்றே 1989-இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் உருவாக்கப்பட்ட 'விஞ்ஞான் பிரசார்' அமைப்பு மூடப்பட்டது. 1999 கிரகணத்தின்போதும், 2004 ஜூன் 8-இல் வெள்ளி கோள் சூரியனைக் கடந்தபோதும் பள்ளிகளுக்குக் கையேடுகளும் செயல்முறைப் பெட்டிகளும் தந்த அமைப்பு அது. நாடு முழுவதும் அறிவியல் மன்றங்களை இணைத்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மாத இதழ்களை வெளியிட்டது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51-ஏ(எச்) பிரிவு கூறுகிறது. 1976-இன் 42-ஆவது திருத்தம் வழி வந்த அந்தக் கடமையைக் குடிமகனுக்கு நினைவூட்ட அமைச்சர்கள் தவறுவதில்லை. அதைச் செய்ய உதவிய அமைப்பை மூடுவதற்கு இரு அவைகளிலும் பெரிய எதிர்ப்பு எழவில்லை. எதிர்க்கட்சிகளுக்கும் இதில் பங்குண்டு.

விண்வெளிப் படங்களால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு லடாக்கின் ஹான்லே விடை தரும். 2022 டிசம்பரில் அந்தப் பகுதி நாட்டின் முதல் 'இருள் வான் காப்பகமாக' அறிவிக்கப்பட்டது. வானியற்பியல் நிறுவனம் உள்ளூர் மக்களையே வானியல் தூதர்களாகப் பயிற்றுவித்துத் தொலைநோக்கிகளை வழங்கியது. அங்கு செல்லும் பயணிகளுக்கு நட்சத்திரங்களைக் காட்டி அவர்கள் வருவாய் ஈட்டுகின்றனர். 2024 மே 10, 11 தேதிகளில், இருபது ஆண்டுகளில் காணாத பெரும் சூரியப் புயல் புவியைத் தாக்கியபோது ஹான்லே வானம் சிவந்தது. அந்தப் படம் மறுநாள் நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் பரவியது. சூரியப் புயல் என்ற சொல்லையே அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டவர்கள் பலர். இத்தகைய புயல் செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்பையும் பாதிக்கக்கூடியது. அதை முன்கூட்டியே உணர வேண்டுமானால், சூரியன் கடந்த நூறாண்டுகளில் எப்படி நடந்து கொண்டது என்பது தெரிய வேண்டும். மீண்டும் கொடைக்கானலுக்கே வந்து சேர்கிறோம்.

ஒன்றிலிருந்து 1,440

2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6-இல் புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிலை கொண்ட ஆதித்யா எல்-1, கொடைக்கானலின் வாரிசு என்று சொல்வது மிகையாகாது. அதன் முதன்மைக் கருவியான கரோனாவரைவியை உருவாக்கியது கொடைக்கானலை நடத்தும் அதே நிறுவனம். திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி, தமிழக-கேரள எல்லையில் உள்ள செங்கோட்டையைச் சேர்ந்தவர். மலைமேல் நாளுக்கு ஒன்றாகத் தொடங்கிய கணக்கு, அந்தக் கருவியால் நாளுக்கு 1,440 படங்கள் என்ற இலக்குக்கு வளர்ந்தது, நிமிடத்துக்கு ஒன்று. அங்கே மேகமும் இல்லை, இரவும் இல்லை. ஆதித்யாவின் தரவுகளும் 2025 ஜனவரியில் பொதுவில் வெளியிடப்பட்டன.

தரவுகளைத் திறந்து வைத்ததில் இந்திய நிறுவனங்களைக் குறை சொல்ல இடமில்லை. குறை மொழியில்தான். திறந்த பெட்டகத்தின் முகப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. கோப்புகள் ஆய்வாளர்களுக்கான வடிவில் உள்ளன. எருத்தேன்பதியில் தமிழ் வழியில் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி தன் பாட்டி பிறந்த நாளில் சூரியன் எப்படி இருந்தது என்று பார்க்க விரும்பினால், படம் இருக்கக்கூடும். அதை எடுத்துக் காட்டி, 'இதோ, இந்தக் கரும்புள்ளி புவியைவிடப் பெரியது' என்று தமிழில் இரண்டு வரி சொல்லும் பக்கம் ஒன்று இல்லை. மலையாளத்திலோ இந்தியிலோ நிலைமை மேலானதன்று. இதற்கு ஆகும் செலவு, நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் அலசும் மானியக் கோரிக்கைகளில் ஒரு வரிக்குக்கூட வராது. லடாக்கின் மெராக்கில் அமைய வேண்டிய 2 மீட்டர் தேசியச் சூரியத் தொலைநோக்கியைப் போல் பல ஆண்டுகள் கோப்புகளில் நகர வேண்டிய திட்டமும் அன்று இது.

அரசைச் சார்ந்த பணிகளுக்கு வேறு வகை ஆபத்தும் உண்டு. 2013 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிதி ஒதுக்கீடு முடங்கி அரசு அலுவலகங்கள் மூடப்பட்டபோது, நாசாவின் அன்றாடப் படப் பக்கமும் நின்றது. பல்கலைக்கழகங்களில் இயங்கிய பிரதிப் பக்கங்கள் அந்த நாட்களிலும் படத்தை வெளியிட்டு வந்தன. இங்கே விஞ்ஞான் பிரசார் மூடப்பட்டபோது அப்படித் தோள் கொடுக்கப் பிரதிகள் இல்லை. மாநில அரசுகளோ பல்கலைக்கழகங்களோ அந்த இடத்தை நிரப்ப முன்வரவில்லை. சென்னையும் திருவனந்தபுரமும் முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம் என்று நீருக்காக மட்டுமே பேசிப் பழகியவை. எல்லை மாணவர்களைக் கொடைக்கானலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லும் எளிய ஏற்பாட்டைச் செய்துகொள்ள அவற்றுக்கு தில்லியின் அனுமதி தேவையில்லை. ஆய்வக அருங்காட்சியகத்தில் அன்றைய சூரியனின் நேரடிப் பிம்பமே திரையில் விழுகிறது.

அடுத்த வளைவடிவக் கிரகணம் 2031 மே 21-இல் தென் கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடந்து செல்லும். கோடை விடுமுறைக் காலம், பள்ளிகள் மூடியிருக்கும். அதற்குள் மக்களவைக்கு ஒரு பொதுத் தேர்தல் வந்து போகும். 2004-இல் வெள்ளிக் கடப்புக்குக் கையேடு அச்சிட்ட அமைப்பு இப்போது இல்லாத நிலையில், இந்தக் கிரகணத்துக்கான தமிழ்க் கையேட்டை அச்சிடும் பொறுப்பு எந்த அமைச்சகத்தினுடையது என்பதைக் கேட்க, கேள்வி நேரத்தில் இன்னும் வாய்ப்புகள் மிச்சமுள்ளன.