எப்ஸ்டீன் ஆவணங்கள்: பெயர் எந்தக் காகிதத்தில், எந்தத் தேதியில்?

2009-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பாம் பீச் நகரத்து மாளிகை ஒன்றில் முன்பு மேலாளராக இருந்தவர், தன் பழைய முதலாளியின் முகவரிப் புத்தகத்தை 50,000 டாலருக்கு விற்க முயன்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட புத்தகம் அது. அவர் அதைக் கொண்டுபோனது, அந்த முதலாளியின் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக வாதாடிய வழக்கறிஞரிடம். வழக்கறிஞர் எஃப்பிஐ-க்குத் தகவல் சொல்ல, மேலாளர் பிடிபட்டார். விசாரணை அதிகாரிகள் கேட்டபோது கொடுக்காமல் ஒளித்துவைத்ததற்காக அவருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

முதலாளியின் பெயர் ஜெஃப்ரி எப்ஸ்டீன். அதற்கு முந்தைய ஆண்டு அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையும் 18 மாதம்தான். அதில் சுமார் 13 மாதம்தான் அவர் உள்ளே இருந்தார். வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை தன் அலுவலகத்துக்குப் போய்வர அனுமதியும் இருந்தது. புத்தகத்தை மறைத்தவருக்கும் சிறுமிகளைச் சிதைத்தவருக்கும் ஒரே அளவுத் தண்டனை. இந்த வழக்கைப் பல ஆண்டுகளாகப் படித்துவரும் எனக்கு அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது.

புரூக்ளினில் பிறந்து, நியூயார்க் பள்ளி ஒன்றில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்து, பேர் ஸ்டெர்ன்ஸ் முதலீட்டு நிறுவனத்தில் நுழைந்து, பிறகு பெரும் பணக்காரர்களின் சொத்துகளை நிர்வகிக்கும் தொழிலில் இறங்கியவர் எப்ஸ்டீன். மன்ஹாட்டனில் மாளிகை, கரீபியனில் தனித்தீவு, சொந்தமாக ஒரு போயிங் 727 என்று வாழ்ந்தார். 2005-இல் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் குடும்பம் பாம் பீச் போலீஸில் புகார் கொடுத்தது. விசாரணை விரிய விரிய, பாதிக்கப்பட்ட சிறுமிகளின் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. ஆனால் 2007-இல் மத்திய அரசு வழக்கறிஞர்கள் அவருடன் ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மாநில அளவில் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டால் போதும். மத்திய வழக்கு கிடையாது. கூட்டாளிகள் மீதும் கிடையாது. பாதிக்கப்பட்டவர்களிடம் இதைச் சொல்லவே இல்லை. 2008 ஜூன் 30 அன்று நீதிமன்றத்தில் எப்ஸ்டீன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது மீண்டும் வரும்.

எப்ஸ்டீன் பெயர் செய்தியில் அடிபடும்போதெல்லாம் மக்கள் தேடுவது ஒரு பட்டியலை. அவருடைய 'வாடிக்கையாளர்' யார் யார் என்று ஒரே தாளில் எழுதிவைத்த பட்டியல். அப்படி ஒன்று தங்களிடம் இல்லை என்று அமெரிக்க நீதித்துறை 2025 ஜூலையில் அறிவித்தது. நம் கையில் இருப்பவை வேறு மாதிரியானவை. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காரணத்துக்காக, வெவ்வேறு காலத்தில் எழுதிய காகிதங்கள். ஒரு பெயரை எந்தக் காகிதத்தில் பார்த்தோம் என்பதைப் பொறுத்துத்தான் அதன் எடை.

முகவரிப் புத்தகம் இருப்பதிலேயே எடை குறைந்தது. ஒருவருடைய எண்ணை எழுதிவைக்க அவருடைய சம்மதம் தேவையில்லை. பெரிய மனிதர்களின் எண்களைச் சேர்ப்பதே எப்ஸ்டீனின் பிழைப்பில் பாதி. இளவரசரும் இருப்பார், வீட்டுப் பணியாளரும் இருப்பார். 2015-இல் அது இணையத்தில் வெளியானபோது எல்லோரும் பிரபலங்களைத் தேடினார்கள். 'மசாஜ்' என்ற தலைப்பின் கீழ் வரிசையாக இருந்த பெண்களின் பெயர்களே அந்தப் புத்தகத்தில் முக்கியமானவை.

விமானப் பதிவேடு அதைவிடக் கனமானது. விமானி கையால் எழுதியது அது. என்றைக்கு, எங்கிருந்து எங்கே, யார் ஏறினார்கள் என்ற விவரம் இருக்கும். சிலருக்கு முழுப்பெயர், சிலருக்கு முதலெழுத்து மட்டும், சில இடங்களில் 'ஒரு பெண்' என்பதோடு சரி. முன்னாள் அதிபர் பில் கிளிண்டன் 2002-லும் 2003-லும் அந்த விமானத்தில் பறந்தார். நான்கு பயணங்கள் என்று அவர் தரப்பு சொன்னது. பதிவேட்டில் அதைவிடக் கூடுதலாக வரிகள் இருக்கின்றன. ஒரே பயணத்தில் விமானம் எத்தனை ஊரில் இறங்கி ஏறியதோ அத்தனை வரிகள். வரிகளை எண்ணிப் பயணம் என்று சொல்பவர்கள் இங்கே தவறுகிறார்கள். டொனால்டு டிரம்ப்பின் பெயரும் 1990-களின் பக்கங்களில் உண்டு. எப்ஸ்டீனின் குற்றங்கள் தங்களுக்குத் தெரியாது என்கிறார்கள் இருவரும். இருவர் மீதும் இதில் வழக்கு இல்லை. ஒருவர் விமானத்தில் ஏறினார் என்பதைத்தான் பதிவேடு சொல்லும். இறங்கிய பிறகு நடந்ததைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

நீதிமன்ற வாக்குமூலங்கள்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டியவை. பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான வர்ஜீனியா ஜூஃப்ரே, எப்ஸ்டீனின் நெருங்கிய தோழி கிலேன் மேக்ஸ்வெல் மீது 2015-இல் அவதூறு வழக்குத் தொடுத்தார். தன்னைப் பொய்க்காரி என்று மேக்ஸ்வெல் சொன்னதுதான் காரணம். வழக்கு 2017-இல் சமரசமாக முடிந்தது. ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான பக்கங்கள் நீதிமன்றத்தில் சேர்ந்து முத்திரையிடப்பட்டுக் கிடந்தன. அவற்றைத் திறக்கச் சொல்லி மியாமி ஹெரால்ட் நாளிதழும் அதன் செய்தியாளர் ஜூலி கே. பிரவுனும் மனுப்போட்டார்கள். 2007 ஒப்பந்தத்தைத் தோண்டியெடுத்து 2018 நவம்பரில் நாட்டின் முன்னால் வைத்தவர் பிரவுன். 2019 ஜூலை 3 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் திறக்க உத்தரவிட்டது. மூன்றாம் நாள் எப்ஸ்டீன் மீண்டும் கைதானார். ஆகஸ்ட் 9 அன்று சுமார் 2,000 பக்கங்கள் வெளியாயின. மறுநாள் காலை அவர் நியூயார்க் சிறையில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது மருத்துவப் பரிசோதனை.

திறக்கச் சொன்ன அந்தத் தீர்ப்பிலேயே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. வழக்கில் தாக்கலாகும் காகிதத்தில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, ஊடகங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். 2024 ஜனவரியில் அடுத்த கட்டு வெளியானபோது அந்த எச்சரிக்கையின் பொருள் புரிந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் வருகின்றன என்ற செய்தி வந்ததுமே, ஆவணம் வருவதற்கு முன்பே போலிப் பட்டியல்கள் உலகைச் சுற்றிவந்தன. உண்மையான ஆவணத்தில் லியனார்டோ டிகாப்ரியோ, கேட் பிளான்செட் பெயர்கள் இருந்தன. எப்படி? அவர்களைச் சந்தித்தீர்களா என்று ஒரு சாட்சியிடம் வழக்கறிஞர் கேட்கிறார். இல்லை என்கிறார் சாட்சி. எப்ஸ்டீன்தான் தொலைபேசியில் பேசிவிட்டு இன்னாரிடம் பேசினேன் என்று பீற்றிக்கொள்வாராம். 'இல்லை' என்ற பதிலுக்குள் இருந்த பெயர்கள் அவை.

மறைப்பதிலும் ஒரு கதை உண்டு. மேக்ஸ்வெல் 2016-இல் கொடுத்த வாக்குமூலம் 2020-இல் வெளியானபோது பல பெயர்களைக் கருப்படித்திருந்தார்கள். ஆனால் கடைசியில் சொல்லடைவு ஒன்று இருந்தது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில். அங்கேயும் பெயர்களைக் கருப்படித்தார்கள். ஆனால் அகரவரிசையில் அவற்றின் இடம் மாறவில்லை. எந்த இரண்டு சொற்களுக்கு நடுவே அந்தக் கருப்புக் கட்டம் இருக்கிறது என்று பார்த்தே செய்தியாளர்கள் சில பெயர்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வங்கிக் காகிதங்களைப் படிக்கப் பொறுமை வேண்டும். அதனாலோ என்னவோ அவற்றைப் பற்றிப் பேச்சு குறைவு. என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. ஜேபி மோர்கன் வங்கி 1998 முதல் 2013 வரை எப்ஸ்டீனின் கணக்குகளை வைத்திருந்தது. அவர்கள் விட்டதும் டாய்ச் வங்கி சேர்த்துக்கொண்டது. நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறை 2020 ஜூலையில் டாய்ச் வங்கிக்கு 15 கோடி டாலர் அபராதம் விதித்தது. அந்த உத்தரவில் ஒரு விவரம்: எப்ஸ்டீனின் வழக்கறிஞர் ஒரே கிளைக்கு வந்து, 7,500 டாலர் வீதம் 97 முறை ரொக்கம் எடுத்திருக்கிறார். நான்கு ஆண்டுகளில் எடுத்த ரொக்கம் மொத்தம் எட்டு லட்சம் டாலருக்கு மேல். மேலிடத்துக்குத் தகவல் போகாமல் எத்தனை நாளுக்கு ஒருமுறை ரொக்கம் எடுக்கலாம் என்று வங்கி ஊழியரிடமே கேட்டிருக்கிறார். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 2023-இல் ஜேபி மோர்கன் 29 கோடி டாலரும் டாய்ச் வங்கி 7.5 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன.

இப்போது 2008 ஜூன் 30-க்கு வருவோம். அதற்கு முன்பு எப்ஸ்டீனோடு பழகியவர், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்; சிலர் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கும். அதற்குப் பிறகு பழகியவருக்கு அந்தப் பதில் இல்லை. சிறுமி தொடர்பான பாலியல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்பது அப்போது அரசுப் பதிவேட்டில் இருந்தது. யாரும் பார்க்கலாம்.

பார்த்தும் பழகினார்கள். அப்பல்லோ முதலீட்டு நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான லியோன் பிளாக், வரி ஆலோசனைக்காகவும் சொத்துத் திட்டத்துக்காகவும் எப்ஸ்டீனுக்கு 15.8 கோடி டாலர் கொடுத்தது 2012-க்கும் 2017-க்கும் இடையில். அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்துக்கு எப்ஸ்டீன் தந்த 8,50,000 டாலரில் 7,50,000 டாலர் தண்டனைக்குப் பிறகு வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் தண்டனைக்குப் பிறகு பணம் வாங்கவில்லை. ஆனால் அங்கே ஓர் ஆய்வு மையத்தில் அவருக்கென்று அறை இருந்தது, 2010-க்குப் பிறகு நாற்பது முறைக்கு மேல் வந்துபோனார். அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவரும் அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சருமான லாரி சம்மர்ஸ், 2019 ஜூலை 5 வரை எப்ஸ்டீனுடன் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தார். கைதுக்கு முந்தைய நாள் அது. 2025 நவம்பரில் அந்த மின்னஞ்சல்களை நாடாளுமன்றக் குழு வெளியிட்டதும், வெட்கப்படுகிறேன் என்று சொல்லிப் பொதுப் பொறுப்புகளிலிருந்து ஒதுங்கினார்.

பிரிட்டனில் இரண்டு பேரை வீழ்த்தியதும் தேதிதான். 2010 டிசம்பரோடு உறவை முறித்துக்கொண்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னார் அன்றைய இளவரசர் ஆண்ட்ரூ. 2011 பிப்ரவரியில் அவர் எழுதிய மின்னஞ்சல் 2025-இல் வெளியானது. அந்த ஆண்டே இளவரசர் பட்டத்தை மன்னர் பறித்தார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தே வந்திருக்கிறார். வாஷிங்டனில் பிரிட்டன் தூதராக இருந்த பீட்டர் மேண்டல்சனின் பதவி 2025 செப்டம்பரில் போனது. எப்ஸ்டீனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவர் எழுதிய வாழ்த்து மட்டும் என்றால் தப்பியிருக்கலாம், அது 2003. எப்ஸ்டீன் சிறைக்குப் போகும் நேரத்தில், சீக்கிரம் விடுதலையாகப் போராடுங்கள் என்று ஊக்கம் கொடுத்து எழுதியது 2008.

இவற்றில் பெரும்பாலானவற்றை அரசு தானாக எடுத்துக் கொடுக்கவில்லை. பலவும் யாரோ வழக்குப்போட்டோ, மனுக்கொடுத்தோ, சம்மன் அனுப்பியோ பிடுங்கியவை. எப்ஸ்டீன் கோப்புகள் அனைத்தையும் நீதித்துறை வெளியிட வேண்டும் என்ற சட்டம் 2025 நவம்பரில்தான் வந்தது. ரோ கன்னா, தாமஸ் மாஸி என்று எதிரெதிர்க் கட்சி உறுப்பினர்கள் இருவர் கொண்டுவந்த மசோதா அது. கீழவையில் 427-க்கு 1 என்று நிறைவேறியது. பாதிக்கப்பட்டவர்களின் அடையாளத்தை மறைக்கலாம். ஒருவருக்குச் சங்கடம், அவப்பெயர், அரசியல் சிக்கல் என்ற காரணங்களுக்காக எதையும் மறைக்கக் கூடாது என்கிறது சட்டம். டிசம்பர் 19 அன்று முதல் தொகுதி வந்தது. அதில் 119 பக்க ஆவணம் ஒன்று முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை கருப்பாக இருந்தது. ஜூஃப்ரே அதைப் பார்க்க இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே இறந்துவிட்டார்.

அதே தொகுதியில் இன்னொரு காகிதமும் இருந்தது. பெரும்புள்ளி யாருடைய பெயரும் இல்லாததால் பலர் அதைப் புரட்டிக்கொண்டு போயிருப்பார்கள். எப்ஸ்டீனிடம் வேலை பார்த்த பெண் ஓவியர் ஒருவர், தன் தங்கைகளின் படங்களை அவர் திருடிவிட்டதாக எஃப்பிஐ-யிடம் கொடுத்த புகார். கொடுத்தேன் கொடுத்தேன் என்று அந்தப் பெண் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார், சந்தேகப்பட்டவர்கள் உண்டு. காகிதத்தில் உள்ள தேதி 1996 செப்டம்பர் 3. பாம் பீச் போலீஸ் விசாரணையைத் தொடங்குவதற்கு எட்டரை ஆண்டுகள் முன்பு.