கிராணி மகனின் இரண்டு நாடாளுமன்றங்கள்

1964 பொதுத் தேர்தலில் லீ குவான் இயூவின் மக்கள் செயல் கட்சி, சிங்கப்பூரைத் தாண்டி தீபகற்ப மலேசியாவிலும் போட்டியிட்டது. கிடைத்தது ஒரே ஓர் இடம்: கோலாலம்பூர் பங்சார். அங்கே வென்றவர் தேவன் நாயர். தோற்ற வி. டேவிட்டும் தொழிற்சங்கத் தலைவர்தான். வாக்கு வித்தியாசம் 808.

கெடா தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அவர் மேல் ஆர்வம் வந்ததற்குக் காரணம் அரசியல் அல்ல. அவர் கிராணி மகன். இன்றைய பிள்ளைகளுக்கு அதன் பொருள் புரியாது. தோட்டத்தில் கிராணி வீடு தனி, லயம் தனி. கிராணிமார் பெரும்பாலும் மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர்கள். அவர்கள் பிள்ளைகள் டவுனில் ஆங்கிலப் பள்ளிக்குப் போவார்கள். பால்மரம் வெட்டுகிறவர் பிள்ளைக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. ஆறாம் வகுப்போடு பலருக்குப் படிப்பு முடிந்துவிடும். பெரட்டுக் களத்தில் பெயர் வாசிப்பதும் சம்பளக் கணக்கு எழுதுவதும் கிராணி. அவர் வீட்டுப் பிள்ளை தொழிலாளர் பக்கம் வந்து நிற்பது சின்ன விஷயமில்லை.

1923-இல் மலாக்காவில் பிறந்த தேவன் நாயர், பத்து வயதில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போனார். ஆசிரியரானார், ஆசிரியர் சங்கத்தில் இறங்கினார். பிரிட்டிஷார் அவரை 1951-இலும் 1956-இலும் சிறைவைத்தார்கள். 1959-இல்தான் வெளியே வந்தார்.

அவர் சிங்கப்பூரில் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் கெடாவும் சும்மா இருக்கவில்லை. 1947-இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. போலீஸ் புகுந்தது, உயிரும் போனது. 1954-இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று தேசியச் சங்கம் அமைந்தபோது, அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட பல தோட்டங்களின் கதை இருந்தது.

பங்சாருக்கு வருவோம். 1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. கட்சி அந்தப் பக்கம், தொகுதி இந்தப் பக்கம். தேவன் நாயர் இங்கேயே உறுப்பினராக நீடித்தார். மலேசியாவில் மிஞ்சியிருந்த கட்சிக்காரர்களோடு சேர்ந்து 1966-இல் ஜனநாயக செயல் கட்சியைத் தொடங்கி, அதன் முதல் பொதுச்செயலாளர் ஆனார். 1969 தேர்தலில் அவர் நிற்கவில்லை, சிங்கப்பூர் திரும்பினார்.

அதே 1969-ஐ எங்கள் வீட்டில் வேறு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பின் இங்கே பிறந்த என் அப்பாவுக்குக் குடியுரிமை தானாக வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பாட்டி மனுப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அலையவும் பாரம் எழுதவும் ஆள் இல்லை. கிராணியிடம் போய் நிற்கக் கூச்சம். ஆகவே அப்பாவுக்கு நீல ஐசி, பாட்டிக்குச் சிவப்பு ஐசி. குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அமலானதும், பல்லாயிரம் பேர் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். பாட்டியின் தம்பி பினாங்கில் 'ரஜுலா' கப்பல் ஏறியவர்தான், திரும்பவில்லை. "நாப்பது வருஷம் வெட்டின மரம், நம்ம பேரைக் கேக்குமா தம்பி?" என்று பாட்டி என்னிடம் சொன்னதுண்டு.

தேவன் நாயரை நான் குறை சொல்லவில்லை. எந்த நாட்டில் வாழ்வது என்று தேர்ந்தெடுக்க அவருக்கு வழி இருந்தது. பாட்டியின் தம்பிக்கு யாரும் அப்படிக் கேட்கவே இல்லை.

சிங்கப்பூரில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசை மீண்டும் வழிநடத்தினார். 1979-இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று இரண்டாவது நாட்டின் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். 1981-இல் அதிபரானார். காலியான ஆன்சனை எதிர்க்கட்சியின் ஜே. பி. ஜெயரத்தினம் பிடித்தார், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். சுதந்திர சிங்கப்பூரில் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் புகுந்த முதல் எதிர்க்கட்சிக்காரர் அவர். லீ குவான் இயூவுக்கு அந்தத் தோல்வி எவ்வளவு கசந்திருக்கும்!

1985 மார்ச்சில் தேவன் நாயர் பதவி விலகினார். குடிப்பழக்கமே காரணம் என்றது அரசு. அவர் பின்னாளில் அதை மறுத்தார். கடைசிக் காலத்தைக் கனடாவில் கழித்தார். 2005 டிசம்பர் 6-இல் ஹாமில்டன் நகரில் காலமானபோது அவருக்கு வயது 82.