ஐந்தாவது கியர்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் எங்கள் பூக்கடை. 1983-இல் அப்பா வாங்கிய டொயோட்டா கொரோலா கேஇ70 வேகன்தான் அதன் கால். விடியற்காலையில் பின் சீட்டை மடக்கி, மாலைக் கூடைகளை அடுக்கி, கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடும். ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயிலுக்கு அதில் போன மல்லிகைக்கும் சாமந்திக்கும் கணக்கே இல்லை.

போன ஆண்டு நீலப் புகை கக்கத் தொடங்கியது. போர்மேன் அண்ணன் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "தம்பி, ரெண்டு தடவை போர் போட்டாச்சு. சிலிண்டர் சுவர் மெலிஞ்சு போச்சு. இனி தாங்காது." 1290 சிசி கொண்ட 4கே இன்ஜினின் கதை அத்தோடு முடிந்தது.

மாற்று இன்ஜினுக்குக் கிள்ளான் வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஜப்பானில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கட்டாய ஆய்வுக்குச் செலவு அதிகம். அதனால் நல்ல ஓட்டத்தில் இருக்கும் கார்களையே பலர் கைவிடுகிறார்கள். அவற்றின் முன்பாதியை வெட்டி, இன்ஜினும் கியர் பாக்ஸுமாகக் கொள்கலனில் ஏற்றி இங்கே அனுப்பிவிடுகிறார்கள். இதைத்தான் நாம் ஹாஃப் கட் என்கிறோம்.

என் மனம் முதலில் 4ஏ-ஜிஇ மேல் போனது. 1587 சிசி, 16 வால்வு, இரட்டை கேம். 1983-இல் ஏஇ86 காரோடு வந்து பெயர் வாங்கிய இன்ஜின். ஆனால் ஹாஃப் கட்டில் கிடைப்பவை பெரும்பாலும் முன்சக்கரம் ஓட்டும் கார்களிலிருந்து வருபவை. அவற்றில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். எங்கள் வண்டியிலோ நெடுக்காக உட்கார்ந்து பின்சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அதற்கு டி50 கியர் பாக்ஸ் வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்ற வேண்டும். தண்ணீர்க் குழாய், இன்ஜின் மவுண்டிங், பெட்ரோல் பம்ப், கம்ப்யூட்டர், வயரிங் என்று பட்டியல் நீண்டது. அந்த வேகத்துக்குப் பிரேக்கையும் மாற்றியாக வேண்டும்.

"பூக்கூடை ஏத்துற வண்டிக்கு எதுக்குத் தம்பி ரேஸ் இன்ஜின்?" என்று அண்ணன் கேட்டார். அந்த இன்ஜின் தன் முழு இழுவையைக் காட்டுவது 5,000 சுற்றுக்கு மேல்தான். சுமை வண்டிக்குக் கீழ்ச் சுற்றிலேயே இழுவை வேண்டும். வண்டி என்ன வேலை செய்யப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாதி இன்ஜின்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

மிஞ்சியவை கே குடும்பத்து அண்ணன் தம்பிகள். லைட்ஏஸ் வேனின் 5கே 1486 சிசி. அன்சர் காரின் 7கே 1781 சிசி. கியர் பாக்ஸைப் பிடிக்கும் போல்ட் துளைகள் எங்கள் 4கே-யோடு சேர்த்து மூன்றுக்கும் ஒன்றே. 7கே-யின் பிளாக் உயரம் அதிகம், பானெட்டுக்கு அடியில் இடம் நெருக்கும். சாலை வரியும் கூடும். தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு 1201 முதல் 1400 சிசி வரை 70 ரிங்கிட், 1600 வரை 90. அதைத் தாண்டினால், 1800 வரை, 200-உடன் 1600-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 40 காசு. 7கே-க்கு 272 ரிங்கிட் 40 காசு வரும். 5கே-யே எங்களுக்குப் பொருந்தியது.

வாங்கும்போது வெளிப்பளபளப்பைப் பார்க்காதீர்கள். எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே கறுப்புப் படிவோ பால்போன்ற கசடோ இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்குள் தாள்களைக் கேளுங்கள்: விற்பவரின் ரசீது, இறக்குமதி இன்ஜின் என்றால் சுங்கப் பத்திரம். வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் பழைய இன்ஜின் எண் இருக்கிறது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் ஆய்வும் முடிந்து புதிய எண் பதிவானால்தான் வண்டி சட்டப்படி சாலையில் ஓடலாம். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்ஜினோடு வரும் வேன் கியர் பாக்ஸை நாங்கள் எடுக்கவில்லை. அதன் கியர் கம்பி அமைப்பு வேறு, காருக்கு ஒத்துவராது. கொரோலாவுக்கே உரிய கே50 ஒன்றைத் தேடிப் பிடித்தோம். எண்ணெய்த் தொட்டியையும் மேனிஃபோல்டையும் பழைய 4கே-யிலிருந்து கழற்றிப் பொருத்தினார் அண்ணன். கிளட்ச் தட்டு மட்டும் புதிது.

முதல் ஓட்டத்துக்கு அப்பாவை அழைத்துப் போனேன். சுபாங் தாண்டியதும், இத்தனை வருடமும் நாலு கியரோடு நின்றுபோன வண்டியை ஐந்தாவதுக்குத் தள்ளினேன். இன்ஜின் சத்தம் சட்டென இறங்கியது. அப்பா திரும்பிப் பின்னால் கூடைகளைப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"இப்பதான்டா வண்டி மூச்சு விடுது," என்றார்.