பழ ஈயின் பரம்பரைச் சொத்து

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

முக்கனிகளில் மாவை முதலில் வைத்தனர் நம் முன்னோர். அம்முதற்கனியை நமக்கு முன்னரே சுவைத்துவிடும் சிற்றுயிர் ஒன்று உண்டு. அதுவே பழ ஈ. விலங்கியலார் இதனைப் ‘பாக்ட்ரோசீரா டார்சாலிஸ்’ என்பர். மேலே பார்த்தால் பழுதில்லாத பழம். அறுத்தால் உள்ளே வெண்புழுக்கள் நெளியும். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை விதித்ததே, அதற்குப் பழ ஈ முதலிய பூச்சிகளே காரணம். 2015-இல்தான் அத்தடை நீங்கியது.

இந்த ஈ தனியே வருவதில்லை. அதன் குடலில் பாக்டீரியாக் கூட்டம் ஒன்று குடியிருக்கிறது. தாய் தன் மகளுக்கு நகை கொடுப்பதுபோல, தாய் ஈ இக்கூட்டத்தைத் தன் சந்ததிக்குக் கொடுக்கிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ என்னும் நான்கு பருவங்களிலும் அது எவ்வாறு தொடர்கிறது என்று காண்போம்.

பெண் ஈ ஊசி போன்ற உறுப்பால் பழத்தோலைத் துளைத்து முட்டையிடும். அப்போதே தாயின் குடல் பாக்டீரியாவும் முட்டையோடு உள்ளே சென்றுவிடுகிறது. ஓரிரு நாளில் புழு வெளிவரும். புழுவும் பாக்டீரியாவும் சேர்ந்தே சதையை அழுகச் செய்கின்றன. அந்த அழுகலே புழுவின் உணவு.

இவ்வுறவின் வலிமையை ஆலிவ் பழ ஈயில் தெளிவாகக் காணலாம். 1909-இலேயே பெட்ரி என்னும் இத்தாலிய அறிஞர், அந்த ஈயின் தலைக்குள் பாக்டீரியா தங்கும் சிறு பை இருப்பதை விளக்கினார். பச்சை ஆலிவ் காயில் கசப்புப் பொருள் மிகுதி. பாக்டீரியாவை இழந்த புழுக்கள் அக்காயில் வளர முடியவில்லை என்று 2015-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் காட்டினர்.

வளர்ந்த புழு பழத்தைவிட்டு வெளியேறி, மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. அப்போது அதன் குடலே கரைந்து புதிதாக உருவாகிறது. வீட்டையே இடித்துக் கட்டும்போது குடியிருப்பவர் எங்கே போவார்? ஆனால் இவை முற்றிலும் வெளியேறுவதில்லை. மத்தியதரைக்கடல் பழ ஈயில் முட்டை முதல் வளர்ந்த ஈ வரை இவை தொடர்வதை 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று உறுதி செய்தது.

இனி, இவ்வறிவால் நமக்கு என்ன பயன்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் கால் வைத்த முதல் ஆள் நான். என் தந்தையார் ஆண்டுதோறும் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர். பழுக்கும் தறுவாயில் புழு வைத்துவிட்டால், வட்டிக்கு வாங்கிய குத்தகைப் பணம் மண்ணோடு போகும். “மருந்து அடிச்சும் கேக்கலையே” என்பது எங்கள் ஊரில் பழகிப்போன பேச்சு. கேட்கவில்லை என்றால் இன்னும் கூட்டி அடிப்பார்கள்.

2017-இல் சீன அறிஞர்கள் கண்டது இங்கே கருதத்தக்கது. மாம்பழத்தைத் தாக்கும் இதே ஈயின் குடலிலிருந்து ‘சிட்ரோபாக்டர்’ என்னும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். டிரைகுளோர்ஃபான் என்ற பூச்சிமருந்தை அது சிதைத்துவிடுகிறது. அது குடியேறிய ஈக்கள் அம்மருந்தைக் கூடுதலாகத் தாங்கின. ஆகவே, மருந்து தோற்குமிடத்தில் அளவைக் கூட்டுவது அறிவுடைமை ஆகாது. செலவும் நஞ்சுமே மிஞ்சும்.

சங்கிலியை அறுப்பதே வழி. உதிர்ந்த பழத்தைத் தோப்பில் கிடக்க விடாமல் அன்றன்றே பொறுக்கி ஆழக் குழியில் புதைக்க வேண்டும். அதனால் புழுவும் அதன் கூட்டாளியும் ஒருங்கே அழியும். மரத்தடி மண்ணைக் கிளறினால் கூட்டுப்புழு வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். மெத்தில் யூஜினால் வைத்த பொறியில் ஆண் ஈக்கள் சிக்கும். பெண் ஈ முட்டை உருவாகப் புரதம் தேடி அலைவது. அதனைப் புரத இரையால் ஈர்த்துக் கொல்லலாம். இவற்றை ஒரு தோப்பில் மட்டும் செய்தால் பக்கத்துத் தோப்பிலிருந்து ஈ வந்துவிடும். ஊர் கூடிச் செய்ய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் ஈயோடு போராடும் உழவருக்குக் கண்ணுக்குத் தெரியாத அதன் துணையையும் காட்டுவது, நுண்ணோக்கி வழியே பார்க்கும் வாய்ப்புப் பெற்ற நம் கடமை. தேர்வுத் தாளில் எழுதும் விடை தோப்புவரை போய்ச் சேரட்டும்.