சாக மறந்த அணுக்கள்



உடலில் பழுதான அணுக்கள் தாமாகவே மடிந்து புதியவற்றுக்கு இடம் விடுகின்றன. உப்பளத்தில் நேரமறிந்து மடை திறப்பதைக் கோட்டக்குப்பத்தில் உள்ள நாம் அறிவோம். அணுவின் கருவுக்குள்ளும் அப்படியொரு காவல் உண்டு. பி.எம்.எல். என்னும் புரதத்தோடு பல புரதங்கள் கூடி, சிறு உருண்டைகளாக நின்று, அந்த மரணத்தை நெறிப்படுத்த உதவுகின்றன.

ஏ.பி.எல். என்னும் இரத்தப் புற்றுநோயில் இப்புரதம் வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உருண்டைகள் சிதறுகின்றன, அணுக்கள் முதிராமலும் மடியாமலும் பெருகுகின்றன. ஆர்சனிக் மருந்து ஒட்டுப் புரதத்தை அழித்து, உருண்டைகளை மீண்டும் கூட்டுகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்கு இதையே முதன்மை மருந்தாகக் கொடுத்தார்கள். 62 பேருக்கு நோய் அடங்கியது.

ஈறில் இரத்தமோ, அடிபடாமலே நீலத் தழும்போ கண்டால் தாமதியாமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இந்நோயில் ஆரம்ப நாட்களே உயிரைத் தீர்மானிக்கின்றன.